சமையலறைச் சுவரில் கை அகல எட்டுக்கால் பூச்சி: விஷமா? மேலே ஏறினால் அக்கி வருமா?

கன்னங்குறிச்சி_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி, கன்னங்குறிச்சி தாண்டி ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறோம். பின்னால் தோட்டம், அதற்குப் பின்னால் கரடு. வீட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரியானால் சமையலறைச் சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி வந்து நிற்கிறது. பழுப்பு நிறம். வலை எதுவும் கட்டவில்லை. லைட்டைப் போட்டால் அசையாது. ஓர் அடி எடுத்து வைத்தால் பக்கவாட்டில் ஓடிக் காலண்டருக்குப் பின்னால் போய்விடும். இப்போது வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக, காசு அளவில் எதையோ கட்டிப் பிடித்துக்கொண்டு திரிகிறது.

மாமியார் சொல்வது: அது மேலே ஏறி மூத்திரம் பெய்தால் போதும், அந்த இடமெல்லாம் கொப்புளம், அப்புறம் அக்கிதான். வீட்டுக்காரர் வேலைக்காக வாரம் முழுக்க ஓசூரில். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இதைக் கண்டால் உள்ளங்கை வேர்த்துக் கால் நகராது. தண்ணீர் குடிக்கக்கூட ராத்திரியில் சமையலறைக்குள் போவதில்லை. கேலி செய்யாமல் சொல்லுங்கள். விஷமா? அந்த வெள்ளை முட்டையா? பொரித்தால் வீடு என்ன ஆகும்?

ஒட்டடைக்கம்பு

கேலி இல்லை சகோதரி. ஆனால் பாத்ரூம் செருப்பு இருக்கும்போது இதற்கு ஓர் இழை எதற்கு?

காப்பிக்காடு

செருப்பைக் கீழே போடுங்க கம்பு. நான் ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கிறேன், இந்த ஜீவன்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. அவங்க சொன்ன அடையாளம் அத்தனையும் வேட்டைச் சிலந்திக்குப் பொருந்துகிறது. ஹெட்டரோபோடா வெனடோரியா என்பது அறிவியல் பெயர். கப்பல் சரக்கோடு உலகத்து வெப்பநாடுகள் முழுக்கப் பரவிய சாதி. உடம்பு என்னவோ இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். கால்களை விரித்தால்தான் கை அகலம். வலை பின்னிக் காத்திருக்காது, ஓடிப் பிடித்துத் தின்னும். அதற்குப் பிடித்த சாப்பாடு உங்கள் சமையலறைக் கரப்பான்.

அந்த வெள்ளை வட்டம் முட்டைப்பை. பெண் சிலந்தி அதைக் கீழே வைக்காமல் பொரிக்கும்வரை சுமக்கும். உள்ளே நூற்றுக்கு மேல் குஞ்சு இருக்கும், உண்மைதான். ஆனால் வந்த கையோடு கலைந்து போய்விடும். ஒன்றை ஒன்று தின்னும், பல்லி தின்னும், எறும்பு இழுத்துப் போகும். நூறும் வளர்ந்து உங்கள் சுவரில் நிற்பதெல்லாம் நடக்காது.

விஷம்? உண்டு. ஆனால் தானாக வந்து கடிக்காது. துணிக்குள் மாட்டி நசுங்கினாலோ, கையால் அமுக்கிப் பிடித்தாலோ கடிக்கும், முட்டைப்பை சுமக்கும்போது கொஞ்சம் சுலபமாகவே கடிக்கும். குளவி கொட்டின மாதிரி சில மணி நேரம் வலி, வீக்கம். அவ்வளவுதான். நம்மை நோக்கி ஓடி வருவதாகத் தோன்றுவதற்குக் காரணம், அது இருட்டு இடுக்கைத் தேடி ஓடுகிறது, வழியில் நாம் நிற்கிறோம்.

மூத்திரக் கதை: சிலந்தியின் கழிவு சுவரில் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும், காலண்டரை எடுத்துப் பார்த்தால் தெரியும். அது தோலில் பட்டுக் கொப்புளம் வராது.

பெரியவர்_செவ்வாய்ப்பேட்டை

தம்பி, படித்ததை எழுதுகிறீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். என் அண்ணனுக்கு இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் சரம் சரமாகக் கொப்புளம். நெருப்பு வைத்த எரிச்சல். முந்தின நாள் பட்டறையில் பழைய மூட்டையைப் புரட்டினார், அதில் எட்டுக்கால் பூச்சி இருந்தது. ஊசி மருந்து எதற்கும் போகவில்லை. குயவர் வீட்டுக்குப் போனோம். காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதினார். கொஞ்ச நாளில் காய்ந்து உதிர்ந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வார்டுப்பக்கம்

ஐயா, நான் சொல்கிறேன். அரசு மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே பதில் இருக்கிறது: ஒரு பக்கம் மட்டும், சரம் சரமாக. சின்ன வயதில் சின்னம்மை போட்ட எல்லோர் உடம்பிலும் அந்த வைரஸ் நரம்பு வேரில் ஒடுங்கிக் கிடக்கிறது. வயதானாலோ, சர்க்கரை, வேறு நோய், மன உளைச்சல் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ, ஏதாவது ஒரு நரம்பு வழியாக மேலே வரும். அந்த நரம்பு போகிற பாதையில் மட்டும் கொப்புளம். நரம்பு இடது, வலது எனத் தனித்தனி என்பதால்தான் நடுக்கோட்டைத் தாண்டாது. சிலந்தி நடந்து போயிருந்தால் நடுமுதுகில் எல்லை பார்த்துத் திரும்பியிருக்குமா?

காவி எழுதியதும் காய்ந்ததே என்றால், எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் காய்ந்துவிடும். காவியால் கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை, குளிர்ச்சியாக இருக்கும், மனதுக்குத் தெம்பு. கெடுதல் வேறு இடத்தில். அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைக் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். “பூச்சி மூத்திரம், எழுதினால் போகும்” என்று அந்த மூன்று நாளும் போய்விடுகிறது. அதற்கப்புறம் கொப்புளம் போய்விடும், வலி போகாது. சட்டை உரசினாலே துடிக்கிற வயதானவர்களை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வந்தால் பார்வையே போகலாம். அதற்கெல்லாம் காவி எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது.

பெரியவர்_செவ்வாய்ப்பேட்டை

அண்ணனுக்கும் ரொம்ப நாள் வலி இருந்தது. அது வயசு. நீங்கள் சொல்வதெல்லாம் சரியென்றே வைத்துக்கொள்வோம். பூச்சி ஏறின மறுநாள் ஏன் வந்தது?

வார்டுப்பக்கம்

மறுநாள் வந்ததால் அதற்கு முந்தின நாளை யோசித்தோம், யோசித்தால் எங்கள் வீட்டிலும் ஒரு சிலந்தி கிடைக்கும் ஐயா. சிலந்தி இல்லாத வீடு சேலத்தில் எது?

நாடா_அம்மாபேட்டை

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் தறிக் கூடத்தில் மழைக்காலத்தில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்குக் கழுத்திலும் கையிலும் கோடு போட்டது மாதிரி எரிச்சல் வரும். கொட்டினது தெரியாது, கடித்தது தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சிவந்து, நடுவில் சீழ்க் கொப்புளம். ஒரு தடவை எனக்கு முழங்கை மடிப்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று, கையை மடக்கினால் இரண்டும் சரியாகப் பொருந்தின. இதுவும் அக்கியா? கூடத்தில் ஒட்டடை ஏராளம், அதனால் எல்லோரும் சிலந்தி என்கிறார்கள்.

முசுறுக்கூடு

அண்ணே, அந்த மடிப்பு அடையாளம் ஒன்றே போதும். இது அக்கியும் இல்லை, சிலந்தியும் இல்லை. பீடரஸ் என்கிற வண்டு. நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், படத்தைப் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒல்லி, செம்மஞ்சளும் கருப்பும் மாறி மாறி. முதுகில் பாதிதான் இறக்கை மூடி, அது நீலப் பளபளப்பு. பார்த்தால் யாரும் வண்டு என்று சொல்ல மாட்டார்கள், பெரிய எறும்பு என்பார்கள். வயலில் இது நல்ல பூச்சி, பயிரைத் தின்கிற சின்னப் பூச்சிகளைத் தின்னும். மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும்.

இது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறது என்று நாம் தட்டித் தேய்க்கிறோம் பாருங்கள், அங்கேதான் வினை. அதன் ரத்தத்தில் பீடரின் என்ற நச்சு இருக்கிறது. தேய்த்த கோட்டிலேயே தோல் வெந்துபோகும். முழங்கை மடிப்பில் நசுங்கினால் இரண்டு பக்கமும் அச்சு விழும். ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், காகிதத்தில் ஏற்றி எறியுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். தலைக்கு நேர் மேலே இருக்கிற லைட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டினாலே பாதி குறையும். கூடத்து ஒட்டடையில் இருக்கிற சிலந்தி இந்த விஷயத்தில் உங்களுக்கு எதிரி இல்லை.

நாடா_அம்மாபேட்டை

அந்தப் படத்தில் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். எறும்பு என்றுதான் நசுக்குவோம். ஓனரிடம் லைட் விஷயத்தைச் சொல்கிறேன், கேட்டால் அதிசயம்.

ஓமலூர்_ஓரம்

எல்லோரும் சிலந்திக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். 2012ல் அசாமில் சதியா என்கிற ஊரில் சிலந்தி கூட்டமாக வந்து கடித்து இரண்டு பேர் செத்ததாக டிவியில் வந்ததே? சும்மா எழுதிவிட முடியுமா? ஒரு குழந்தையைக் கடித்தால் இந்த இழையில் எழுதுகிறவர்களா வந்து நிற்பார்கள்?

காப்பிக்காடு

நியாயமான கேள்விங்க. அந்தச் செய்தியையே கொஞ்சம் மேலே படியுங்கள். இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்யாமலே எரித்துவிட்டார்கள். முதலில் உள்ளூர் வைத்தியரிடம் போய், பிளேடால் கடிவாயைக் கீறி ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதே செய்தியில் வந்தது. எதனால் இறந்தார்கள் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. தலைப்பில் மட்டும் சிலந்தி நின்றுவிட்டது.

அதற்காக “சிலந்திக்கு விஷமே இல்லை” என்று இன்னொரு பொய்யைப் பரப்பவும் நான் தயாரில்லை. உலகில் பெயர் வைத்த சிலந்தி இனம் மட்டும் 50,000க்கு மேல். ஒரு சின்னக் குடும்பத்தைத் தவிர மற்ற ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விஷச் சுரப்பி உண்டு. அந்த விஷம் ஈக்கும் கரப்பானுக்கும் அளவு பார்த்துச் செய்தது. பல சிலந்திகளின் பல் நம் தோலில் இறங்கவே இறங்காது. மனிதனுக்கு ஆபத்தானவை கைவிரல் விட்டு எண்ணுகிற சில கூட்டம். அதிலும் பேர்போன ஆஸ்திரேலியாவில், புனல்வலைச் சிலந்திக்கு 1981ல் முறிமருந்து வந்த பிறகு அதன் கடியால் யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. நம் பக்கத்தில் பயப்பட வேண்டியது கதண்டுக்கு. தென்னை மரத்துக் கதண்டுக் கூடு கலைந்து ஆள் போன செய்தி நம் மாநிலத்தில் அடிக்கடி வருகிறது, யாரும் அதற்கு இழை போடக் காணோம்.

நிஜமாகவே சிலந்தி கடித்தால்: சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் ஐஸ் கட்டி வையுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். வியர்த்துக் கொட்டினாலோ, தசை பிடித்து இழுத்தாலோ, மூச்சு சிரமப்பட்டாலோ, குழந்தையாக இருந்தாலோ ஆஸ்பத்திரி. அங்கே “என்ன கடித்தது” என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ராத்திரி கட்டுவிரியன் கடித்தால் பல் தடமும் தெரியாது, வலியும் இருக்காது. அதைப் பூச்சிக்கடி என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

வார்டுப்பக்கம்

கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள் தம்பி.

மரவள்ளி_வாழப்பாடி

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் கணக்கே தொடங்கினேன். போன மழைக்காலம் என் மச்சானுக்குக் காய்ச்சல். தலைவலி என்றால் அப்படியொரு தலைவலி. அக்குளில் ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு. வலியே இல்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். “சிலந்தி கடித்திருக்கிறது, காய்ச்சல் அதனால்தான்” என்று ஊசி போட்டு, களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. திரும்பப் போனால் வேறு ஊசி. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, அந்தப் பொருக்கைப் பார்த்ததும் “ஆடு மேய்க்கப் புதருக்குள் போவாரா?” என்றுதான் முதலில் கேட்டார். உண்ணிக் காய்ச்சல். மாத்திரை ஆரம்பித்தபின் காய்ச்சல் இறங்கிவிட்டது.

வார்டுப்பக்கம்

இது வந்தது நல்லதாகப் போயிற்று. உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. அதைக் கொண்டுவருவது புல், புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்கே தெரியாது. கடித்தது யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. எல்லோருக்கும் இருக்காது, இருந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்கு அடியில் என்று மறைவிடமாகப் பார்த்து இருக்கும். கூச்சத்தில் ஆளும் காட்ட மாட்டார், அவசரத்தில் டாக்டரும் பார்க்க மாட்டார். டாக்ஸிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரைக்குக் கேட்கும் நோய் இது. வழக்கமாகப் போடுகிற பல ஊசி மருந்துகளுக்குக் கேட்காது. விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கும்.

அதனால் காய்ச்சலோடு கருப்புப் பொருக்கு இருந்தால் “சிலந்திக்கடி” என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பொருக்கைக் காட்டுங்கள், தோட்டத்திலோ காட்டிலோ வேலை செய்ததைச் சொல்லுங்கள். சிலந்திக்கடி என்று வந்த சீழ்க்கட்டிகளிலும் முக்கால்வாசி, தோலில் இருக்கிற சாதாரணக் கிருமியின் வேலையாகவே இருந்தது என் காலத்தில். சர்க்கரை அளவைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

இன்னொன்று. காயத்தில் ஒட்டடையைச் சுருட்டி வைத்து ரத்தத்தை நிறுத்துவது. பண்ணாதீங்க சாமி. ஒட்டடையில் இருப்பது நூல் மட்டும் இல்லை, கூடத்துத் தூசி மொத்தமும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே நிற்கும்.

ஒட்டடைக்கம்பு

சரி, நான் செருப்பை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் தூங்கும்போது வருஷத்துக்கு எட்டு சிலந்தியை விழுங்குகிறோமாமே, வாட்ஸ்அப்பில் வந்தது.

முசுறுக்கூடு

யாரும் எண்ணிப் பார்த்தது கிடையாது. மூச்சு விட்டு, குறட்டை விட்டு அதிர்கிற வாய்க்குள் எந்தச் சிலந்தி வரும்?

இதைவிட நல்ல புரளி ஒன்று உண்டு. கழிவறை இருக்கைக்கு அடியில் சிலந்தி கடித்து அமெரிக்காவில் ஆட்கள் செத்ததாக 1999ல் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. 2002 வாக்கில் அதே கதையில் சிலந்தியின் பெயரை மட்டும் மாற்றி டெலமோனியா டிமிடியாட்டா என்று போட்டார்கள். அது நம் நாட்டிலும் இருக்கிற குதிக்கும் சிலந்தி. இலை மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், யாரையும் ஒன்றும் செய்யாது. எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒருவன் படம் தேடியபோது இது அகப்பட்டிருக்கிறது.

ஆத்தூர்_ரோடு

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊர் முள்வேலியில் சாம்பல் நிறத்தில் கந்தல் மாதிரிக் கூடுகள் நிறைய. உள்ளே சின்னச் சின்னதாக ஏகப்பட்ட சிலந்தி. பையன்கள் தீ வைக்கிறார்கள், பெரியவர்களும் “விஷக்கூடு” என்று விட்டுவிடுகிறார்கள். என்ன அது?

காப்பிக்காடு

தீ வைக்க விடாதீங்க. அது சமூகச் சிலந்தி, ஸ்டெகோடிஃபஸ் சாராசினோரம். சிலந்தி என்றால் தனியாள் என்று நினைப்போம். இது ஒரே கூட்டில் பத்து, நூறு என்று சேர்ந்து வாழும். வலையில் வெட்டுக்கிளி விழுந்தால் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நான் வாழப்பாடிப் பக்கம் ஒரு வேலி ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். வெட்டுக்கிளி உதைக்கும்போது எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடும், அது ஓய்ந்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் நகரும். தாய்ச் சிலந்தி தன் குஞ்சுகளுக்கு முதலில் வயிற்றிலிருந்து கக்கி ஊட்டும், கடைசியில் தன் உடம்பையே கொடுத்துவிடும். குஞ்சுகள் தாயைத் தின்றுதான் வெளியே வரும். ஆளைத் தேடி வந்து கடிக்கிற சாதி இல்லை. வேலியைத் தாண்டி அதற்கு ஒரு வேலையும் இல்லை.

பெரிதைப் பார்க்க வேண்டுமென்றால் மழை விட்டபின் மலைக்கு வாருங்கள். காப்பிச் செடிக்கு மேலே, சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மஞ்சள் நூலில் வலை கட்டி நடுவில் ஒன்று உட்கார்ந்திருக்கும். நெஃபிலா. பெண் கை அளவு, ஆண் அதே வலையின் ஓரத்தில் அரிசி அளவு. காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் அந்த வலையில் முகத்தைக் கொடுக்காத ஆள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. திட்டிக்கொண்டே துடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கடிபட்டேன் என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

ஓமலூர்_ஓரம்

ஏற்காட்டில் மயிரோடு ஒரு பெரிய சிலந்தி இருக்கிறதாமே, டரான்டுலா. அதுவுமா சாது?

காப்பிக்காடு

சாது என்று சொல்ல மாட்டேன். மரப்பொந்தில் இருக்கிற போசிலோதீரியா வகை. கடித்தால் நல்ல வலி, சிலருக்குத் தசைப்பிடிப்பு வந்து நாள்கணக்கில் இருக்கும். ஆனால் அதன் கடியால் யாரும் இறந்ததாக உறுதியான பதிவு கிடையாது. பகலில் பொந்தை விட்டு வராது, ராத்திரியில் நம் வெளிச்சம் பட்டாலே உள்ளே போய்விடும். தப்ப வழியில்லை என்றால்தான் முன்கால்களைத் தூக்கி அடிப்பக்கத்து மஞ்சளையும் கருப்பையும் காட்டும். அதுவும் “விலகிப் போ” என்பதற்குத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாதது எனக்கு வருத்தம்: இந்த வகையில் ஒன்றுக்கு உலகம் முழுக்க ஆங்கிலப் பெயரே சேலத்தை வைத்துத்தான். போசிலோதீரியா ஃபார்மோசா. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த போக்காக் என்ற ஆய்வாளர் 1899ல் பதிவு செய்தது. அதே வருஷம் அரக்கோணத்திலிருந்து ஒன்று, ஆந்திராவில் கூட்டி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கிலிருந்து நீல நிறத்தில் ஒன்று என்று வரிசையாக எழுதிவைத்தார். சேலத்துச் சிலந்தியை இப்போது அழிவின் விளிம்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பொந்து இருக்கிற பழைய மரத்தை வெட்டினால் அதற்கு வேறு வீடு கிடையாது. நாம் பயந்து அடிப்பது ஒரு பக்கம், வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க ஆசைப்பட்டுக் கடத்துவது இன்னொரு பக்கம்.

நெறியாளர்

“ஒன்று என்ன விலைக்குப் போகும்” என்று கேட்ட பதிவு நீக்கப்பட்டது. 2019ல் இந்தப் பேரினம் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. காப்பிக்காடு, நீங்களும் எந்தத் தோட்டம், எந்த மரம் என்று இங்கே எழுத வேண்டாம்.

காப்பிக்காடு

எழுத மாட்டேன்.

சாக்பீஸ்

இவ்வளவு படித்தபின் மருமகளுக்குப் பயம் போயிருக்கும் என்று யாராவது நினைத்தால், போயிருக்காது. அந்தப் பயம் தகவல் குறைவால் வந்தது இல்லை. பயப்படுகிறவருக்கே தெரியும், அது ஒன்றும் செய்யாது என்று. தெரிந்தும் உடம்பு கேட்காது. 2017ல் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூ, மீன் படங்களோடு சிலந்தி, பாம்புப் படங்களையும் காட்டினார்கள். பின்னவற்றைப் பார்க்கும்போது கண்மணி கூடுதலாக விரிந்தது. அது பயம் என்று அவர்களே சொல்லவில்லை, உடம்பு உஷாராகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வீட்டுப் பெரியவர்களின் அலறலும் அக்கிக் கதையும் ஏறி உட்காரும்போது அது பயமாகிறது.

போக்க வழி உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1989ல் எழுதிய முறை இன்றும் நடப்பில் இருக்கிறது: அதிகபட்சம் மூன்று மணி நேரம், ஒரே அமர்வு. படிப்படியாகப் பக்கத்தில் போவது. ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்பது. உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால் “ஓடியதால் தப்பித்தேன்” என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் மோசம். எவ்வளவு பக்கத்தில் போவது என்பதை முடிவு செய்கிறவர் பயப்படுகிறவர் மட்டும்தான். ரப்பர் சிலந்தியை மேலே தூக்கிப் போட்டுப் “பழகிவிடும்” என்று சிரிக்கிற அண்ணன் தம்பிகளுக்கு இது பொருந்தாது, அவர்கள் பயத்தை வளர்க்கிறார்கள்.

மருமகள், நீங்கள் வேட்டைச் சிலந்தியில் ஆரம்பிக்க வேண்டாம். பகலில் ஜன்னல் கம்பியில் விரல்நகத்தைவிடச் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் குதிக்கும் சிலந்தி ஒன்று இருக்கும். நாற்காலியை எட்டிப் போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள். விரலை நகர்த்தினால் முன்பாதி உடம்பைத் திருப்பி உங்களைப் பார்க்கும், முன்னால் இரண்டு பெரிய கண் தெரியும். ஈயைப் பார்த்துவிட்டால் மெல்லப் பதுங்கி, நூலை ஒரு சொட்டு கம்பியில் ஒட்டிவிட்டுத்தான் பாயும். தவறினாலும் அந்த நூலில் தொங்கி மேலே ஏறிவிடும். பார்க்கிற சுவாரசியத்தில் நாற்காலி தானாகக் கிட்டே வரும். அன்றாட வாழ்க்கையே நின்றுபோகிற அளவுக்கு இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கன்னங்குறிச்சி_மருமகள்

எல்லோருக்கும் நன்றி. ஜன்னல் சிலந்தியை முயற்சி செய்கிறேன். ஆனால் சமையலறையில் இருப்பதை வெளியே அனுப்ப வேண்டும், அதில் மாற்றமில்லை. புதினா எண்ணெய் தெளித்தால் போகுமா? மருந்தடிக்கட்டுமா?

காப்பிக்காடு

புதினா எண்ணெயை வெளிநாட்டுச் சிலந்திகள் சில ஒதுக்கியதாக ஒரு சோதனை உண்டு, எலுமிச்சை எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நம் வேட்டைச் சிலந்திக்கு நம்பி வாங்க வேண்டாம். மருந்தடித்தால் பாத்திரத்திலும் அதுதான் படியும். கரப்பான் குறைந்தால் அதற்கு உங்கள் வீட்டில் சோறு இல்லை. இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவி வைத்து, சிங்க் ஓட்டையை மூடி, பின்கதவு லைட்டை அணைத்துப் பாருங்கள்.

அனுப்புவதற்கு ஐஸ்கிரீம் குடும்ப டப்பா, பெரிதாக. கால் நசுங்காத அகலம் வேண்டும். அது அசையாமல் நிற்கும்போது மெதுவாகக் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகுங்கள். தோட்டத்துக் கடைசியில், விறகு அடுக்கிய பக்கம் திறந்துவிடுங்கள். உங்களால் முடியாது என்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள், கம்பைத் தவிர.

அப்புறம், கொஞ்ச நாளில் காலண்டருக்குப் பின்னால் செத்த சிலந்தி மாதிரி ஒன்று தொங்கினால் அலறாதீர்கள். தொட்டால் எடையே இருக்காது. எட்டுக் காலும் மயிரும் அப்படியே இருக்கும், தலைப்பக்கம் மட்டும் மூடி திறந்த மாதிரி மேலே தூக்கி நிற்கும். வளர்கிற இன்னொரு சிலந்தி தோலை உரித்துவிட்டு அந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கும்.

ஒட்டடைக்கம்பு

என் பெயரைக் கெடுக்காதீர்கள். போகிக்குக்கூட இனி மேலோட்டமாகத்தான் அடிக்கப்போகிறேன். திருவானைக்காவில் சிலந்தியாக இருந்து வலை பின்னியதுதான் அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று என் பாட்டி சொல்வார். யார் வீட்டு மூலையில் எந்த ராஜா இருக்கிறாரோ.

பெரியவர்_செவ்வாய்ப்பேட்டை

எல்லாம் படித்தேன். பூச்சி ஏறாமல் அக்கி வராது என்பது என் அபிப்பிராயம், அதை விடமாட்டேன். வார்டுப்பக்கம் அம்மாவுக்கு ஒரு கேள்வி. இதற்குத் தடுப்பூசி வந்திருக்கிறது என்று பேரன் சொல்கிறான். உண்மையா? எனக்குச் சர்க்கரை உண்டு.

வார்டுப்பக்கம்

உண்மை ஐயா. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு, 2023லிருந்து நம் நாட்டில் கிடைக்கிறது. இரண்டு டோஸ், நடுவில் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. முன்பு அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். விலைதான் அதிகம், ஒவ்வொரு டோஸும் ஆயிரக்கணக்கில். சர்க்கரைக்கு மருந்து தருகிற டாக்டரையே கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பெரியவர்_செவ்வாய்ப்பேட்டை

ஆயிரக்கணக்கிலா? காவிக்கு வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். சரி, பேரனிடம் சொல்லிப் பார்க்கிறேன்.